பூங்காவில் காலை ஆறு மணி

பறவைகளுக்குப் பெயரிடும்போது தமிழர்கள் கண்ணைவிடக் காதையே அதிகம் நம்பியிருக்கிறார்கள். குயிலும் குக்குறுவானும் அக்காக்குயிலும் தத்தம் குரலாலேயே பெயர் பெற்றவை. மனிதர் நெருங்கியதும் கத்திக் காட்டிக்கொடுப்பதால் ஒரு பறவைக்கு ஆள்காட்டி என்று பெயர். காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணி அளவில் சீழ்க்கை அடிப்பதால் மற்றொன்றுக்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரிக்கும் அந்தச் சின்னஞ்சிறு பறவை, இரவு வேளைகளில் பறந்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வந்துசேர்கிறது. தரையில் உதிர்ந்து கிடக்கும் இலைகளைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தேடித் தின்பது அதன் வழக்கம். ஆகவே, மரநிழலும் இலைச்சருகும் உள்ள இடம் அதற்கு வேண்டும். சென்னை போன்ற நகரத்தில் அத்தகைய இடங்கள் கிண்டி தேசியப் பூங்கா, அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம், மரங்கள் அடர்ந்த சில பூங்காக்கள், கல்வி நிறுவன வளாகங்கள் எனச் சுருங்கிவிட்டன.

அதே ஆறு மணிக்குத்தான் நகரப் பூங்காக்களில் மனிதர்களின் நாளும் தொடங்குகிறது. கைப்பேசியில் பாட்டையோ சொற்பொழிவையோ ஊருக்கே கேட்கும்படி ஒலிக்கவிட்டு நடப்பவர்கள், வட்டமாக நின்று வாய்விட்டுச் சிரிக்கும் சிரிப்பு மன்றத்தினர், ஒலிபெருக்கியின் தாளத்துக்கு ஏற்ப உடற்பயிற்சி செய்யும் குழுவினர், விசில் ஊதும் பயிற்றுநர், கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி வழியே வரும் பக்திப் பாடல், இடையில் புல்வெட்டும் இயந்திரம் என அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பூங்கா ஒரு சந்தையாகிறது. இவர்களில் எவரையும் தனித்தனியே குறை சொல்வதற்கில்லை. வெயில் ஏறுவதற்கு முன் நடந்து முடிக்க வேண்டியவர்களுக்கு வேறு நேரம் ஏது? சிக்கல் என்னவென்றால், பறவைகளுக்கும் வேறு நேரம் இல்லை.

விடியற்காலையில் காற்று அசைவு குறைவு. ஆகவே குரல் சிதறாமல் நெடுந்தூரம் செல்லும். இரை தேடப் போதிய வெளிச்சம் இன்னும் வந்திருக்காது. ஆகவே பாடுவதற்கு ஓய்வும் உண்டு. தன் எல்லை இதுவென்று போட்டியாளருக்கு அறிவிப்பதும், இணையை அழைப்பதும், இரவைக் கடந்து உயிரோடு இருப்பதைச் சொல்வதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் நடக்கின்றன. நாள் முழுவதும் பரவிக் கிடக்கும் இரைச்சலைவிட இந்த ஒரு மணி நேர இரைச்சல் பறவைகளுக்கு அதிக இழப்பைத் தரக்கூடும் என்பது எளிதில் விளங்கும் செய்தி. ஆயினும், பூங்கா நிர்வாகம் பற்றிய நம் விவாதங்களில் குப்பை வருகிறது, நெகிழிப் பை வருகிறது, தெருநாய் வருகிறது; ஒலி மட்டும் வருவதில்லை. குப்பை மறுநாளும் கிடக்கும். ஒலி அந்தக் கணமே மறைந்துவிடும். யார் போட்டது என்பதற்கும் தடயம் இல்லை.

இரைச்சல் பறவைகளை என்ன செய்கிறது என்பது கடந்த இருபது ஆண்டுகளில் நன்றாகவே ஆராயப்பட்டிருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹான்ஸ் ஸ்லாபெகோர்ன் என்னும் ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை. இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக்குருவிகள், அமைதியான பகுதிகளில் வாழ்பவற்றைவிடக் கீச்சுக் குரலில் பாடுவதை அவர் பதிவு செய்தார். வாகனங்களின் உறுமல் கீழ்ச்சுருதியில் இருப்பதால் அதற்கு மேலே ஏறிப் பாடினால்தான் கேட்கும். அடுத்த ஆண்டு, பெர்லின் நகரின் இராப்பாடிக் குருவிகளைப் பற்றி ஹென்ரிக் புரூம் எழுதினார். அவை இரைச்சல் மிகுந்த இடங்களில் உரத்துப் பாடியதோடு, வார விடுமுறை நாள்களைவிட வேலை நாள்களின் காலையில் கூடுதலாக உரத்துப் பாடின. அலுவலகம் செல்லும் கூட்டத்தின் நாள்காட்டி பறவையின் தொண்டைக்குள் புகுந்துவிட்டது என்று சொல்லலாம்.

பாடும் விதத்தை மாற்றிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். தீர்வதில்லை. 2011-இல் வெளியான மற்றொரு நெதர்லாந்து ஆய்வில், நெடுஞ்சாலை இரைச்சல் கூடுதலாக விழும் இடங்களில் கூடு வைத்த பட்டாணிக்குருவிகள் குறைந்த எண்ணிக்கையில் முட்டையிட்டது தெரியவந்தது. இரைச்சல் நீங்கினால் என்ன ஆகும் என்பதைக் கரோனா பெருந்தொற்று நமக்குக் காட்டியது. 2020-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் போக்குவரத்து அடங்கியபோது, அங்குள்ள வெண்கொண்டைச் சிட்டுகளின் பாடலை எலிசபெத் டெரிபெரி குழுவினர் பதிவு செய்தனர். நகரின் இரைச்சல் 1950-களின் நடுப்பகுதியில் இருந்த அளவுக்குத் தணிந்திருந்தது. சிட்டுகள் மெல்லிய குரலில் பாடின. எனினும் அந்தக் குரல் முன்பைவிட இரு மடங்கு தொலைவு கேட்டது. பாட்டின் தரமும் மேம்பட்டது. பல பத்தாண்டுகள் கத்திக் கத்திப் பாடிய பறவைகள் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பின. ஒலி மாசு என்பது பிற மாசுகளைப் போல மண்ணிலும் நீரிலும் தங்கிப்போவதில்லை, நிறுத்தினால் நின்றுவிடும். சூழலியலில் இவ்வளவு மலிவான சீரமைப்பு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இவையெல்லாம் வாகன இரைச்சலைப் பற்றியவை, பூங்காவுக்குள் மனிதர் பேசுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழுவது நியாயமே. உண்மையில் மனிதக் குரல் இன்னும் ஒரு படி மேலே. வாகன இரைச்சல் விலங்குகளின் காதை அடைக்கிறது. மனிதக் குரலோ அவற்றுக்குப் பொருள் உள்ள ஒலி. அப்பொருள் அச்சம். கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் மலைப் பகுதியில் ஜஸ்டின் சுராசி குழுவினர் ஒலிபெருக்கிகளை வைத்து, மனிதர்கள் சாதாரணமாகப் பேசும் ஒலியை மட்டும் காட்டில் ஒலிக்கவிட்டார்கள். ஆள் யாரும் இல்லை, குரல் மட்டுமே. மலைச் சிங்கங்கள் அப்பகுதியை எச்சரிக்கையோடு தவிர்த்தன. அவற்றைவிடச் சிறிய ஊனுண்ணிகளும் தம் நடமாட்டத்தையும் இரை தேடலையும் குறைத்துக்கொண்டன. எலிகள் மட்டும் துணிந்து கூடுதல் பரப்பில் மேய்ந்தன. 2019-இல் வெளியான இம்முடிவைப் படிக்கும் நகரவாசி கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். ஆந்தையும் கீரியும் நரியும் ஒதுங்கிப்போகும் இடத்தில் எலி பெருகுவது நகரத்துக்கு நல்ல பேரம் அன்று.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் லியானா ஜனெட் தலைமையில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. நீர்நிலைகளுக்கு வரும் விலங்குகளுக்குச் சிங்கத்தின் உறுமலும், அப்பகுதி மக்களின் மொழிகளில் இயல்பாகப் பேசும் குரலும் மாறி மாறி ஒலிக்கவிடப்பட்டன. சிங்கத்தின் ஒலியைக் கேட்டதைவிட மனிதக் குரலைக் கேட்டபோது விலங்குகள் ஓடுவதற்கு இரு மடங்கு வாய்ப்பு இருந்தது. யானையும் காண்டாமிருகமும்கூட இதற்கு விதிவிலக்கில்லை. ஒலிக்கவிடப்பட்டது கூச்சல் அன்று, வானொலியில் கேட்பது போன்ற அமைதியான பேச்சு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் மேலைநாட்டு ஆய்வாளர் வந்துதான் நமக்குச் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஒலியைக் கொண்டு உயிரினங்களை விரட்டுவது உழவரின் பழைய தொழில்நுட்பம். தினைப்புனத்துப் பரண்மீது அமர்ந்து, தட்டையும் குளிருமாகிய கருவிகளை ஒலித்து, ஆலோலம் பாடிக் கிளிகளை ஓட்டிய மகளிரைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. இன்றும் விளைந்த கொல்லையில் தகரம் தட்டுகிறார்கள். ஒலியே அங்கு வேலி. அதே இலக்கியத்தில் எதிர்ப்பக்கமும் உண்டு. அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூக்களில் தேனுண்டு இணையோடு இருக்கும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாதென்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். மேடைதோறும் இப்பாடலைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிறோம். மேடையின் ஒலிபெருக்கி எந்த மரத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

நகரத்து உயிரினங்கள் இரைச்சலுக்குப் பழகிவிட்டன என்பது வழக்கமாக வைக்கப்படும் எதிர்வாதம். காகமும் மைனாவும் அணிலும் புறாவும் நம் காலடியில் திரிவதைக் காட்டி இதைச் சொல்வார்கள். பழகியவை கண்ணில் படுகின்றன என்பது மெய். பழகாதவை போய்விட்டதால் அவை கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஜெஸ்ஸி பார்பர் குழுவினர் சாலையே இல்லாத ஒரு மலைச்சரிவில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, வாகன ஒலியை மட்டும் ஒலிக்கவிட்டு ஒரு மாயச் சாலையை உருவாக்கினார்கள். வலசைப் பறவைகள் ஓய்வெடுத்து உடல் கொழுக்க இறங்கும் இடம் அது. ஒலி இருந்த நாள்களில் பறவைகளின் எண்ணிக்கை கால் பங்குக்கும் மேல் குறைந்தது. அதைவிட முக்கியமானது, போகாமல் தங்கியவற்றின் நிலை. அவை வழக்கம்போல் எடை கூடவில்லை. எதிரி வரும் ஓசை கேட்காததால் அடிக்கடி தலையை உயர்த்திச் சுற்றிலும் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கும் நேரத்தில் தின்ன முடியாது. அடுத்த கட்டப் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பு இல்லாமல் கிளம்பும் பறவை எங்கே விழும் என்பது எவர் கணக்கிலும் வராது. பூங்கா மரத்தில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது என்பதாலேயே அது நலமாக இருப்பதாகக் கொள்ள முடியாது.

கிண்டியை எடுத்துக்கொள்வோம். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. புள்ளிமானும் வெளிமானும் நரியும் வாழும் அந்தக் காட்டுத் துண்டை ஆளுநர் மாளிகையும், இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகமும், நகரின் மிக நெரிசலான சாலைகளும் சூழ்ந்திருக்கின்றன. க்ரூகரில் மனிதக் குரல் கேட்ட ஒட்டகச்சிவிங்கி அடுத்த நீர்நிலைக்குப் போய்விடலாம். கிண்டியின் வெளிமான் எங்கே போகும்? நான்கு திசையிலும் சுவர். சுவருக்கு அப்பால் பேருந்து. பெரிய காட்டில் இரைச்சல் ஒரு தொந்தரவு. சிறிய பூங்காவில் அது வாழிடத்தின் பரப்பையே சுருக்கிவிடுகிறது. வெளியிலிருந்து வாகன இரைச்சல் உள்ளே புகும் தூரம் வரை ஓரப் பகுதி பயனற்றுப் போக, எஞ்சியிருப்பது நடுவில் உள்ள சிறு திட்டு. அதற்குள்ளும் ஒலிபெருக்கி வந்தால் வரைபடத்தில் உள்ள பூங்காவுக்கும் விலங்குக்குக் கிடைக்கும் பூங்காவுக்கும் தொடர்பே இராது.

சட்டம் என்ன சொல்கிறது? 1987-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் இரைச்சலும் ஒரு மாசாகச் சேர்க்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நகரத்தை நான்காகப் பிரிக்கின்றன: தொழில், வணிகம், குடியிருப்பு, அமைதி மண்டலம். அமைதி மண்டலத்தில் பகலில் 50, இரவில் 40 டெசிபல் வரையே அனுமதி. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாகலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களில் அமைத்துள்ள 70 கண்காணிப்பு நிலையங்களும் இந்த நான்கு வகைகளின்படியே அளக்கின்றன. பூங்கா என்றொரு வகை அட்டவணையில் இல்லை. நோயாளிக்கும் மாணவருக்கும் நீதிபதிக்கும் அமைதி வேண்டும் என்று கருதிய விதி, மனிதரல்லாத எவருக்கும் அது வேண்டும் என்று கருதவில்லை.

ஆனால், கதவு முற்றாக மூடப்படவுமில்லை. உரிய அதிகார அமைப்பு அறிவிக்கும் வேறு எந்தப் பகுதியும் அமைதி மண்டலமாகலாம் என்று அதே விதிகள் கூறுகின்றன. 2017-இல் வந்த திருத்தம், மாநில அரசு முறையாக அறிவித்தால்தான் ஓர் இடம் அமைதி மண்டலம் ஆகும் என்று அந்தப் பொறுப்பை மாநிலத்தின் தலையில் வைத்தது. அறிவித்துவிட்டால், அங்கே ஒலிபெருக்கி வைப்பதும், இசை ஒலிப்பதும், கூட்டத்தை ஈர்க்கும் நிகழ்ச்சி நடத்துவதும் தண்டனைக்குரியவை. கிண்டி போன்ற இடத்துக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் துணை நிற்கிறது. அச்சட்டத்தின் வரையறைப்படி வன விலங்கை விரட்டுவதும் வேட்டையே. ஒலியால் விரட்டினால் அது என்ன என்று எந்த நீதிமன்றத்திலாவது யாராவது ஒருநாள் கேட்கத்தான் போகிறார்கள்.

நடைமுறையோ எதிர்த்திசையில் போகிறது. பூங்கா என்றால் பொழுதுபோக்குத் திடல் என்ற எண்ணம் வலுத்துவருகிறது. சென்னை கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் சாகசப் பயணமும் இசை நீரூற்றும் உண்டு. மக்கள் திரள்கிறார்கள், மகிழ்கிறார்கள். நெரிசலான சாலையோர நிலத்தில் அப்படி ஒன்று இருப்பதில் எனக்குக் குறையில்லை. அதே அச்சில் ஏரிக்கரைகளையும் சதுப்பு நில ஓரங்களையும் வார்த்தெடுக்க முனைவதில்தான் ஆபத்து. வில்லிவாக்கம் ஏரிக்குக் கண்ணாடிப் பாலம் வந்துவிட்டது. நீர்நிலையைச் சீரமைத்தல் என்ற பெயரில் நடைபாதையும் விளக்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்தே வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. இதற்கு மாறான முன்மாதிரியும் இதே நகரில் இருந்தது. 2011-இல் அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கரில் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, சூழலை மீட்பதே தன் முதல் வேலை என்று கருதி, தொடக்கத்தில் உள்ளே வரும் ஆள்களின் எண்ணிக்கையையே கட்டுப்படுத்தியது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அமைதி என்ற சொல் நம் நகரங்களில் பல நேரங்களில் வசதி படைத்தவரின் சொல்லாக இருக்கிறது. ஓரறை வீட்டில் ஐந்து பேர் வாழும் குடும்பத்துக்குப் பூங்காதான் கூடம், திண்ணை, முற்றம் எல்லாம். அவர்களிடம் போய் வாயில் விரலை வைத்து நிற்கச் சொல்வது அநியாயம். குழந்தை பூங்காவில் கத்தத்தான் செய்யும். கத்தாத குழந்தையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஆகவே, மனிதரை விலக்குவதோ எல்லாரையும் மௌனமாக்குவதோ வழி அன்று. தொண்டையிலிருந்து வரும் ஒலியையும் மின்சாரத்தால் பெருக்கப்பட்ட ஒலியையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னது தானே ஓயும், பின்னது ஓயாது. பூங்காவுக்குள் ஒலிபெருக்கி, கையடக்க ஒலிப்பெட்டி, காதணிக் கருவி இல்லாமல் உரக்க ஒலிக்கும் கைப்பேசி ஆகியவற்றைத் தடுத்தால் எந்த ஏழையின் உரிமையும் பறிபோகாது.

அடுத்தது, இடத்தையும் நேரத்தையும் பங்கிடுவது. விளையாட்டுத் திடலும் பயிற்சிக் குழுக்களும் சாலையை ஒட்டிய பக்கத்தில் இருக்கட்டும். அங்கே எப்படியும் இரைச்சல்தான். மரங்கள் அடர்ந்த, சருகு கூட்டப்படாத ஒரு மூலையை அமைதிப் பகுதியாக விட்டுவிடலாம். நடப்பவர்கள் அங்கும் நடக்கட்டும், பேசாமல். புல்வெட்டும் இயந்திரத்தை ஒன்பது மணிக்குப் பிறகு இயக்கினால் புல் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. இரவு நிகழ்ச்சிகளைக் குறைப்பதும் அவசியம். புள்ளி ஆந்தை இரையைப் பிடிக்கக் கண்ணோடு காதையும் நம்பியிருக்கிறது.

மக்கள் கேட்பார்களா? கலிஃபோர்னியாவின் மியூர் வுட்ஸ் பூங்காவில் செம்மரச் சோலை ஒன்றை அமைதிப் பகுதி என்று அறிவிக்கும் பலகையை வைத்துப் பார்த்தார்கள். காவலரோ அபராதமோ இல்லை. பலகை மட்டுமே. அங்கு ஒலி அளவு சுமார் 3 டெசிபல் குறைந்தது. எண் சிறிதாகத் தெரியலாம். ஒலியின் ஆற்றல் பாதியாகக் குறைந்தது என்பதே அதன் பொருள். நமக்கு இன்னும் அருகில் சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி இருக்கிறது. கூடு கட்டும் பறவைகள் மிரண்டுவிடும் என்று அவ்வூர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்திலும் இவ்வழக்கம் உண்டு. எந்த நீதிமன்றமும் அவர்களுக்கு உத்தரவிடவில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பண்டிகையின் வெடியையே விட்டுக்கொடுத்த சிற்றூர்களுக்கு முன்னால், காலை நடையில் கைப்பேசி ஒலியைக் குறைக்கச் சொல்வது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் எழுநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை சிறு சதுரங்கள். அங்கே குழந்தைகள் ஆடட்டும். மரம் முதிர்ந்த, நீர்நிலையை ஒட்டிய, வலசைப் பறவைகள் இறங்கும் பூங்காக்களை வனத்துறையும் பறவை ஆர்வலர்களும் சேர்ந்து அடையாளம் காண்பது கடினம் அன்று. அவற்றையும் கிண்டியின் சுற்றெல்லையையும் ஒலி மாசு விதிகளின் கீழ் அமைதி மண்டலமாக அறிவிக்க ஓர் அரசாணை போதும். சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. பெரிய நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை. வடக்கே மழைக்காலம் முடிந்து ஆறுமணிக்குருவிகள் இங்கே வந்திறங்கத் தொடங்குவது செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும். அதற்குள் வாயில்களில் பலகைகளை வைத்துவிட முடியும்.